வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது: பழைய ஆறு சிலிண்டர் லாரி

பழைய_அச்சு

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1986 மாடல் இரண்டு அச்சு லாரி. வரிசையாக ஆறு சிலிண்டர், டர்போ, முழுக்க இயந்திர டீசல் பம்ப். மின்னணு என்று சொல்ல ஒரு கம்பிகூடக் கிடையாது. வெட் லைனர் எஞ்சின், அதாவது சிலிண்டர் சுவர் கழற்றக்கூடிய தனிக் குழாய் (லைனர்), அதன் வெளிப்புறத்தைக் கூலன்ட் நேராகத் தொடும். ஏழு ஆண்டுகள் கொட்டகையில் நின்றிருந்த வண்டியை வாங்கி, டீசல் டேங்கைக் கழற்றிக் கழுவி, ரப்பர் குழாய்களையெல்லாம் மாற்றி ஓட்டத்துக்குக் கொண்டுவந்து எட்டு மாதமாகிறது.

இப்போது வாரத்துக்கு ஏறக்குறைய 2 லிட்டர் கூலன்ட் குறைகிறது. வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்துவிட்டேன், காலையில் அட்டை காய்ந்தே கிடக்கிறது. வெப்பக் காட்டி 82 டிகிரியைத் தாண்டவில்லை. காலையில் முதல் இரண்டு நிமிடம் லேசான வெள்ளைப் புகை, பிறகு சுத்தம். ஆயில் குச்சியில் பால் நிறம் இல்லை. தண்ணீர் பம்பை மாற்றினேன், குழாய்க் கிளிப்புகளை இறுக்கினேன், பயனில்லை. "பழைய வண்டி என்றால் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும், ஊற்றி ஓட்டு" என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கிரீஸ்கை

ஹெட் கேஸ்கெட், அதாவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. ஏழு ஆண்டுகள் நின்ற எஞ்சினில் வேறு எதையும் தேட வேண்டாம். ஹெட்டை இறக்கி, தளம் பார்த்து, புது கேஸ்கெட் போடுங்கள்.

டீசல்_தாத்தா

தம்பி, ஹெட்டில் இப்போதே கை வைக்காதீர்கள். கழற்றிவிட்டால் தடயம் போய்விடும். எங்கே ஒழுகியது என்று எஞ்சின் கூடியிருக்கும்போதுதான் காட்டும்.

வெளியே இல்லையென்றால் அந்தத் தண்ணீர் மூன்று இடங்களில் ஒன்றுக்குத்தான் போக முடியும். சிலிண்டருக்குள் ஆவியாகிப் புகையோடு போகலாம், பிரேக்கின் காற்று டேங்குக்குள் போகலாம், எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் போகலாம். மூன்றையும் எஞ்சினைப் பிரிக்காமலேயே ஓரளவு அடையாளம் கண்டுவிடலாம்.

ரேடியேட்டர் நிரம்பியிருக்க, எஞ்சின் குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். கழுத்தில் குமிழி விடாமல் வந்துகொண்டிருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் நுழைகிறது, அப்போது கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். அடுத்து, ரேடியேட்டரில் ஆயில் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். ஆயில் கூலர் ஓட்டையானால் ஓடும்போது ஆயில்தான் தண்ணீருக்குள் போகும், ஏனென்றால் ஆயிலின் அழுத்தம் 3, 4 பார் இருக்கும், தண்ணீருடையது 1 பார்கூட இருக்காது. எஞ்சின் நின்ற பிறகு திசை மாறும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஓர் இரவு முழுக்க வண்டியை நிறுத்திவையுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், சம்ப் வடிகால் போல்ட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். கழற்றிவிடக் கூடாது, ஈரம் கசியும் அளவுக்குத்தான். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, இரவில் அடியில் போய்த் தங்கியிருக்கும். முதலில் வருவது என்ன என்று ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள்.

குச்சியில் பால் நிறம் இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். நாள் முழுக்கச் சூடாக ஓடுகிற எஞ்சினில் சிறிதளவு தண்ணீர் ஆவியாகி பிரீத்தர் என்னும் காற்றுப்போக்கி வழியே வெளியேறிவிடும். தண்ணீர்தான் போகும். கூலன்டில் இருக்கும் கிளைக்கால் ஆயிலிலேயே தங்கி பேரிங்குகளைத் தின்னும்.

வால்வு_இடைவெளி

தாத்தா சொன்ன காற்று டேங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் மறக்கும் இடம் இது. பெரும்பாலான லாரிகளில் பிரேக் கம்ப்ரசரின் ஹெட்டுக்கு எஞ்சின் கூலன்ட்தான் போய் வருகிறது. அதன் கேஸ்கெட் போனாலோ ஹெட் விரிசல் விட்டாலோ கூலன்ட் காற்றோடு சேர்ந்து டேங்குக்குப் போகும். டேங்க் வடிகாலைத் திறந்தால் வருவது நிறமற்ற தண்ணீரா, கூலன்ட் நிறத்தில் வழவழப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் தெளிந்த தண்ணீர் இயல்பு, காற்றின் ஈரம்தான் அது. கருப்புக் குழம்பாக ஆயில் வந்தால் கம்ப்ரசர் ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள், அது வேறு வேலை.

இரவுச்சுமை

இருபது ஆண்டுகளாக ஓட்டுகிறேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் அழுத்தம் குறையும், தண்ணீரும் குறையாது. என் வண்டியில் அப்படித்தான் வைத்திருக்கிறேன், சூடே ஏறுவதில்லை.

அளவுமானி

இரவுச்சுமை, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இந்த அறிவுரையை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெர்மோஸ்டாட் திறக்கும்போது இரண்டு வேலை செய்கிறது: ரேடியேட்டர் வழியைத் திறக்கிறது, பைபாஸ் வழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் பல எஞ்சின்களில் தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் சுருக்கு வழியிலேயே சுற்றும். லேசான சுமையில் எஞ்சின் குளிர்ந்தே கிடக்கும், ஏற்றத்தில் முழுச் சுமையோடு ஏறும்போது கொதிக்கும். இரண்டுமே கேடு. குளிர்ந்த எஞ்சினில் எரியாத டீசல் லைனர் சுவரில் இறங்கி ஆயிலைக் கழுவிவிடும், ரிங்கும் லைனரும் விரைவாகத் தேயும், சம்பில் கசடு சேரும். "சூடே ஏறுவதில்லை" என்கிறீர்களே, கவலைப்பட வேண்டியதே அதற்குத்தான்.

அழுத்தம் குறையும் என்பதும் சரியல்ல. அழுத்தத்தை வைத்திருப்பது ரேடியேட்டர் மூடி. 0.5 பார் மூடி ஒழுங்காக இருந்தால் வெறும் தண்ணீர்கூட 111 டிகிரிக்குத்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் காய்ந்துபோனால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். பழைய_அச்சு, உங்கள் மூடியை எப்போது மாற்றினீர்கள்?

இரவுச்சுமை

சுருக்கு வழி இருப்பது எனக்குத் தெரியாது. என் வண்டியில் திரும்பப் பொருத்திவிட்டு ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். விளக்கத்துக்கு நன்றி.

பழைய_அச்சு

மூன்று நாட்களாகச் செய்ததை எழுதுகிறேன்.

மூடி வண்டியோடு வந்ததுதான், மாற்றவில்லை. திருப்பிப் பார்த்தேன், ரப்பர் வளையம் நகத்தால் தொட்டால் உதிர்கிறது. புதியது போட்டுவிட்டேன். ரேடியேட்டர் கழுத்தில் குமிழி இல்லை. ஆயில் படலமும் இல்லை. காற்று டேங்குகளில் தெளிந்த தண்ணீர், கைப்பிடி அளவு. கம்ப்ரசர் தப்பித்தது.

இன்று காலை வடிகால் போல்ட். ஆயில் கருப்பாக வரும் என்று எதிர்பார்த்துக் குவளையைப் பிடித்தேன். முதல் சொட்டு போல்ட் முனையில் திரண்டு நின்றபோதே வெளிச்சம் அதற்குள் புகுந்து தெரிந்தது. பச்சை. அடுத்து ஏழெட்டுச் சொட்டு அப்படியே பச்சையாக விழுந்தது, அதற்குப் பின்னால் ஆயில் நூல் போல இறங்கியது. குவளையின் அடியில் மெல்லிய அடுக்காகக் கூலன்ட் நிற்கிறது. விரலில் தேய்த்தால் வழுக்குகிறது.

வண்டியை அப்படியே நிறுத்திவிட்டேன். இனி என்ன?

டீசல்_தாத்தா

நிறுத்தியது நல்லது. ஓட்டாதீர்கள், ஸ்டார்ட்டரைத் தொடவே தொடாதீர்கள். பிஸ்டன் தலைமேல் தண்ணீர் தேங்கியிருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சினைச் சுற்ற வேண்டியிருந்தால் கையால், பிளைவீலில் கம்பி போட்டு.

இப்போது சம்பை இறக்குங்கள். ஹெட்டும் லைனரும் அப்படியே இருக்கட்டும். ரேடியேட்டர் கழுத்தில் கைப்பம்பு வைத்த அழுத்தச் சோதனைக் கருவியைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றுங்கள், அதைத் தாண்ட வேண்டாம். கிராங்குக்கு அடியில் சுத்தமான அட்டையைப் பரப்பி, ஆறு சிலிண்டருக்கும் எண் எழுதி, இரவு முழுக்க விடுங்கள்.

எந்தச் சிலிண்டர் என்பதை அட்டை சொல்லும். ஆனால் அதோடு நிற்க வேண்டாம். விளக்கோடு அடியில் படுத்து, சொட்டு எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். லைனரின் வெளிப்புறத்துக்கும் பிளாக்குக்கும் நடுவிலிருந்து இறங்கினால் அங்கே தண்ணீரை அடைக்கும் ரப்பர் வளையம், அதாவது கீழ் ஓ ரிங், போய்விட்டது. லைனரின் உள்சுவரில் வழிந்தால் லைனரிலேயே ஓட்டை. இரண்டுக்கும் வேலை ஒன்றுபோலத் தெரியும், காரணம் முற்றிலும் வேறு.

நிலவழி

நான் பதினோரு பழைய லாரிகளின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். பழைய_அச்சு, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: இந்த எட்டு மாதமும் ரேடியேட்டரில் என்ன ஊற்றினீர்கள்?

பழைய_அச்சு

அக்கா, முதலில் காருக்குப் போடும் பச்சைக் கூலன்ட் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். குறையத் தொடங்கிய பிறகு வெறும் குழாய்த் தண்ணீர்.

நிலவழி

அப்படியானால் லைனரில் ஊசித் துளை இருக்கும் என்று நினைக்கிறேன். அடியில் படுத்துப் பார்க்கும்போது என் சொல் பொய்யானால் மகிழ்வேன்.

நடப்பது இதுதான். ஒவ்வொரு முறை டீசல் எரியும்போதும் பிஸ்டன் லைனரின் ஒரு பக்கச் சுவரில் மோதுகிறது. சுத்தியால் அடித்த மணி போல லைனர் அதிர்கிறது. சுவர் உள்வாங்கும் கணத்தில் அதன் வெளிப்புறத்தில் இருக்கும் தண்ணீரின் அழுத்தம் சட்டென்று விழுந்து, நுண்ணிய ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. சுவர் திரும்பி வரும்போது அவை நசுங்கி வெடிக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பும் இரும்பின் மேல் ஊசிக் குத்து. நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு மட்டும் நிமிடத்துக்கு 1,000 மோதல். மாதக்கணக்கில் ஓடினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கேவிட்டேஷன் அரிப்பு என்பது இதைத்தான்.

கனரக டீசலுக்கான கூலன்டில் நைட்ரைட் போன்ற சேர்க்கை இருக்கும். அது இரும்பின்மேல் மெல்லிய கவசம் கட்டும். குமிழி வெடித்துக் கவசம் பிய்ந்தாலும் உடனே மறுபடி கட்டிக்கொள்ளும், இரும்பு தப்பிக்கும். கார் கூலன்ட் பலவற்றில் இது கிடையாது, கார்களில் பெரும்பாலும் வெட் லைனர் இல்லை என்பதால் தேவையும் படுவதில்லை. நீங்கள் வெறும் தண்ணீரை ஊற்றியபோது இருந்த கொஞ்சநஞ்சமும் கரைந்தது. போதாக்குறைக்கு மூடியும் அழுத்தத்தைப் பிடிக்கவில்லை. அழுத்தம் குறைவான தண்ணீரில் குமிழி எளிதாக உண்டாகும். உங்கள் வண்டியில் இரண்டும் சேர்ந்துவிட்டன.

இந்த எட்டு மாதம் மட்டும் காரணமாக இருக்காது. கொட்டகைக்குப் போகும் முன்பே பாதி தின்னப்பட்டிருக்கும்.

கிரீஸ்கை

ஹெட் கேஸ்கெட் என்று அவசரப்பட்டுச் சொன்னேன், திரும்பப் பெறுகிறேன். லைனரே இல்லாத பிளாக் உள்ள எஞ்சினுக்கு மாறினால் இந்தத் தொல்லை இருக்காதே? கம்மின்ஸ் 6பிடி போல 102 மில்லிமீட்டர் துளையை நேராக பிளாக்கிலேயே கடைந்த எஞ்சின்கள் இருக்கின்றனவே.

அளவுமானி

லைனர் இல்லாததால் அரிப்பு வராது என்று சொல்ல முடியாது. துளைக்கும் தண்ணீருக்கும் நடுவில் சுவர் மெலிதாக இருக்கும் சில வி8 டீசல்களில் பிளாக்கே துளைபடும். அப்போது மாற்றுவதற்கு லைனரும் இருக்காது, பிளாக்கைக் கடைந்து ஸ்லீவ் இறக்க வேண்டும். வெட் லைனரின் அருமையே வண்டிச் சட்டத்திலிருந்து எஞ்சினை இறக்காமல் புதுச் சிலிண்டர் போட முடிவதுதான்.

பழைய_அச்சு

சம்ப் இறங்கியது. நேற்று மாலை அழுத்தம் ஏற்றி, அட்டை விரித்து, காலை ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தேன். 5 என்று எழுதிய கட்டத்தில் மட்டும் பச்சை வட்டம், அதைச் சுற்றி வெளிறிய இன்னொரு வட்டம்.

அடியில் படுத்து விளக்கை மேலே பிடித்தேன். ஐந்தாம் பிஸ்டன் மேலே இருக்கும்படி கையால் சுற்றி வைத்திருந்தேன். லைனரின் உள்சுவர் கண்ணாடி போல மின்னியது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு துணியால் துடைத்துவிட்டுக் காத்திருந்தேன். கீழ் விளிம்பிலிருந்து நான்கு விரல்கட்டை உயரத்தில் ஒரு புள்ளி ஈரமானது. அது மெல்ல உப்பி, கடுகளவாகி, தன் பாரம் தாளாமல் வழிந்து இறங்கியது. துடைத்தேன். அதே இடத்தில் மறுபடி. பக்கத்திலேயே இன்னொன்று. அக்கா சொன்னது சரி.

ஹெட்டை இறக்கப் போகிறேன்.

டீசல்_தாத்தா

ஹெட்டை எடுத்ததும் லைனர்களின் மேல் விளிம்பை வாஷர் வைத்து போல்ட்டால் அமுக்கிப் பிடித்துவிடுங்கள். அதற்கு முன் கிராங்கைச் சுற்றினால் பிஸ்டனோடு லைனரும் எழும்பி, நன்றாக இருக்கும் ஓ ரிங்குகளும் கெடும். ராடு மூடிகளில் எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இடமும் திசையும் தெரியும்படி குறியிட்டுக்கொள்ளுங்கள். ஒரு மூடி இன்னொரு ராடுக்குப் போகவே கூடாது.

லைனரைக் கீழிருந்து கட்டை வைத்து அடிக்காதீர்கள். இழுப்பான் வாடகைக்காவது எடுங்கள்.

பழைய_அச்சு

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஐந்தாம் லைனர் இழுப்பானில் ஏறிவந்தபோது பிளாக்கிலிருந்து உறிஞ்சும் ஒலி கேட்டது. வெளிப்புறத்தைக் கழுவிப் பார்த்தேன். எஞ்சினின் குறுக்குத் திசையில், ஒரு பக்கம் மட்டும், மேலிருந்து கீழாக இரண்டு விரல் அகலத்துக்குத் தேன்கூடு போலக் குழிகள். மற்ற பக்கங்கள் புதிது போல இருக்கின்றன. ஒரு குழியில் மெல்லிய கம்பியை விட்டால் உள்ளே எட்டிப் பார்க்கிறது.

மற்ற ஐந்தையும் எடுத்தேன். 2, 6 இரண்டிலும் ஆழமான குழிகள். 1, 3, 4-ல் லேசான சொரசொரப்பு. ஆறும் மாற்றுவதா, மூன்று போதுமா?

இரவுச்சுமை

எங்கள் பழைய மிஸ்திரி லேசாக அரித்த லைனரை 90 டிகிரி திருப்பிப் போடுவார். அரித்த இடம் மோதல் படாத பக்கத்துக்குப் போய்விடும், நல்ல இரும்பு மோதலை வாங்கும். அவர் திருப்பிப் போட்ட வண்டிகள் ஆண்டுக்கணக்கில் ஓடின.

அளவுமானி

இம்முறை இரவுச்சுமையோடு ஒத்துப்போகிறேன். அது பலர் கையாண்ட நல்ல வழிதான். ஆனால் குழி ஆழமில்லாமல் இருக்க வேண்டும், உள்சுவரில் தேய்மானமும் நீள்வட்டமும் கையேட்டின் வரம்புக்குள் இருக்க வேண்டும். பிஸ்டனின் மேல் ரிங் திரும்பும் இடத்தில் தேய்மானத்தால் உண்டான படி நகத்தில் தட்டுப்பட்டால் அந்த லைனரை விட்டுவிடுங்கள்.

நிலவழி

எட்டு மாதத்தில் சம்பை இறக்கும் நிலைக்கு வந்த எஞ்சின் இது. நானாக இருந்தால் ஆறையும் மாற்றுவேன். ஹெட் கேஸ்கெட், ஓ ரிங், உழைப்பு எல்லாம் மூன்றுக்கும் ஆறுக்கும் ஒன்றுதான். நான்காம் சிலிண்டருக்காக அடுத்த ஆண்டு இதே அட்டையை விரிக்க வேண்டாம்.

அதோடு கிராங்கில் இருக்கும் பிக் எண்ட் (ராடு பக்கம்), மெயின் (பிளாக் பக்கம்) பேரிங்குகளையும் திறந்து பாருங்கள். கிளைக்கால் கலந்த ஆயிலில் ஓடியவை அவை. மேல் பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

பழைய_அச்சு

ஆறும் மாற்றுகிறேன். பிக் எண்டில் மூன்று ஜோடி செம்பு காட்டின, அவையும் போகின்றன. கிராங்க் நல்ல வேளையாக அளவில் இருக்கிறது.

உதிரி வரும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாமே என்று பின் அச்சு பிரேக்கைப் பார்க்கிறேன். இடது பிரேக் சேம்பரில் (காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் உருளை) காற்றுக் கசிவு கேட்கிறது. நடுக் கிளாம்ப்பைக் கழற்றி டயாஃபிரம் மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். பிரேக் லைனிங் தூசியும் நிறைய, காற்றால் ஊதிவிடலாமா?

டீசல்_தாத்தா

வேண்டாம். இதைப் படிக்கும்வரை எதையும் தொடவே வேண்டாம்.

பின் அச்சுச் சேம்பர் இரட்டை அடுக்கு. முன் பாதியில்தான் மிதி பிரேக்கின் டயாஃபிரம். பின் பாதிக்குள் பார்க்கிங் பிரேக்கின் சுருள்வில் அமுங்கி உட்கார்ந்திருக்கிறது. அதன் விசை ஒரு டன்னை ஒட்டியிருக்கும். அந்த வில்லை நீண்ட போல்ட்டால் இழுத்துப் பூட்டாமல் நடுக் கிளாம்ப்பை அவிழ்த்தால் பின் பாதி பீரங்கிக் குண்டு போலப் பறக்கும். என்னோடு தொழில் கற்றவன் ஒருவன் இப்படித்தான் ஒரு கண்ணையும் தாடையையும் இழந்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, அந்த ஒலி இன்னும் என் காதில் இருக்கிறது.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பின்னால் இருக்கும் ரப்பர் மூடியை எடுத்து, வில்லைப் பூட்டும் அந்த நீண்ட போல்ட்டை உள்ளே விட்டுத் திருப்பிப் பிடிக்கவைத்து, நட்டை இறுக்கி வில்லை முழுவதும் இழுங்கள். போல்ட் வெளியே நீண்டு நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நடுக் கிளாம்ப். பின் பாதியின் கிளாம்ப்பை எந்த நிலையிலும் திறக்காதீர்கள். என்னைக் கேட்டால் டயாஃபிரம் மட்டும் மாற்றுவதைவிட முழுச் சேம்பரையும் மாற்றிவிடுங்கள். துருப்பிடித்த பழைய உறையை நம்ப முடியாது.

நிலவழி

தூசியை ஊதவே ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், பார்த்து அடையாளம் காண முடியாது. நன்றாக நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பைக்குள் கட்டிப் போடுங்கள். தகுந்த முகக்கவசம் அவசியம். அந்த உடையோடு வீட்டுக்குள் போகாதீர்கள்.

பழைய_அச்சு

கை நடுங்கிவிட்டது ஐயா. நேற்று ஸ்பேனரை அந்த நட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, துரு பிடித்திருந்ததால்தான் விட்டேன். முழுச் சேம்பராகவே மாற்றுகிறேன், இரண்டு பக்கமும்.

வால்வு_இடைவெளி

பொருத்திய பிறகு காற்றை ஏற்றிக் கம்ப்ரசர் ஓய்ந்ததும் எஞ்சினை நிறுத்திக் காட்டியைப் பாருங்கள். பிரேக் விடுபட்ட நிலையில் தனி லாரிக்கு ஒரு நிமிடத்தில் 2 பிஎஸ்ஐக்கு மேல் விழக் கூடாது, மிதியை அழுத்திப் பிடித்திருக்கும்போது 3-க்கு மேல் விழக் கூடாது. சோப்பு நீர் தடவினால் கசிவு தானே நுரைத்துக் காட்டும்.

இனி எஞ்சின். ஓ ரிங் எந்த ரப்பர் என்று உறையில் பாருங்கள். சில வகை எஞ்சின் ஆயில் பட்டால் ஊதிப்போகும், அவற்றுக்குச் சோப்பு நீர்தான். லைனர் உட்காரும் பள்ளத்தில் துரும்பு இருந்தாலும் லைனர் சாயும். ஹெட் போல்ட் துளைகள் அடி மூடியவையாக இருந்தால் உள்ளே ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. இறுக்கும்போது திரவம் அமுங்க இடமில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். பஞ்சு சுற்றிய குச்சியால் ஒவ்வொன்றையும் உலர்த்துங்கள்.

அளவுமானி

லைனர் பிளாக்குக்கு மேல் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்பதை டயல் கேஜ் வைத்து ஒவ்வொன்றிலும் நான்கு இடங்களில் அளந்து எழுதுங்கள். எல்லாமே வரம்புக்குள் இருந்தாலும் பக்கத்துப் பக்கத்து லைனர்களுக்கிடையே வேறுபாடு அதிகமானால் கேஸ்கெட் ஒரு பக்கம் நசுங்கி ஒரு பக்கம் தளரும்.

பழைய_அச்சு

24 அளவுகள் எடுத்தேன். கையேடு கேட்பது 0.05 முதல் 0.12 மில்லிமீட்டர். மூன்றாவது மட்டும் 0.03 காட்டியது. எடுத்துப் பார்த்தால் பள்ளத்தின் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. மெல்லிய ஷிம் வளையம் போட்டதும் 0.08-க்கு வந்தது. அளவுமானி, நீங்கள் சொல்லாவிட்டால் அப்படியே மூடியிருப்பேன்.

இன்னொன்று: டீசல் பம்பில் கசிவு இருந்ததால் சீல் மாற்றக் கழற்றினேன். குறியைப் பார்த்துத் திரும்ப மாட்டினால் போதுமா?

வால்வு_இடைவெளி

பழைய பம்புகளில் இது அடிக்கடி நடக்கும். கந்தகம் குறைந்த டீசலுக்கு மாறும்போது, பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த ரப்பர் சுருங்கிக் கசியும். புது சீல் போட்டது சரி.

குறி ஓரளவுக்குத்தான் உதவும். சொட்டு முறையில் டைமிங் பார்த்துவிடுங்கள். முதல் சிலிண்டரின் டெலிவரி வால்வையும் அதன் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு ஹோல்டரை மட்டும் திரும்பப் பூட்டி, அதில் கொக்குக் கழுத்து போல வளைந்த குழாயை மாட்டுங்கள். நெம்புகோல் முழு டீசல் நிலையில் இருக்கட்டும். உயரத்தில் வைத்த டப்பாவிலிருந்து டீசல் தானாக இறங்கிக் குழாய் வழியே ஓடும். எஞ்சினை அது சுற்றும் திசையிலேயே கையால் மெல்லச் சுற்றுங்கள். ஓடை நூலாகும், நூல் சொட்டாகும். சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே சில வினாடி இடைவெளி வரும் இடம்தான் பம்ப் அழுத்தத் தொடங்கும் புள்ளி. அப்போது பிளைவீலில் என்ன டிகிரி தெரிகிறது என்று பாருங்கள். தாண்டிவிட்டால் கொஞ்சம் மட்டும் பின்னோக்கித் திருப்பி அந்தப் புள்ளியைப் பிடிக்காதீர்கள், கியர் இடைவெளி பொய் சொல்லும். ஒரு கால் சுற்று நன்றாகப் பின்னே போய் மறுபடி வாருங்கள்.

டீசல்_தாத்தா

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் நிறுத்தும் நெம்புகோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆயில் அழுத்தம் காட்டியில் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றுங்கள், இடையிடையே ஓய்வு கொடுத்து. டீசல் பம்பில் டீசலைக் கூட்டிக் குறைக்கும் ராக் தடையில்லாமல் ஓடுகிறதா என்று முன்பே பாருங்கள். ராக் முழு டீசலில் சிக்கிக்கொண்டால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஏறும், சாவியால் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். காற்றுக் குழாயைத் திறந்து வைத்து, வாயை மூடும் அளவுக்குத் தடித்த பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். கையால் மூடவே கூடாது.

ஸ்டார்ட் ஆன பிறகு மணிக்கணக்கில் வெறுமனே ஓடவிடாதீர்கள். ரிங் லைனரோடு படிய சுமை வேண்டும். மிதமான சுமையோடு சாலைக்கு எடுங்கள்.

பழைய_அச்சு

ஆறு வாரம் கழித்து வருகிறேன். பலகையோடு என் தம்பி நின்றான், தேவைப்படவில்லை. மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

இதுவரை 1,900 கிலோமீட்டர். ரேடியேட்டரின் மேல் தொட்டியில் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டுவைத்தேன். தினமும் குளிர்ந்த நிலையில் பார்க்கிறேன், கூலன்ட் அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. கனரகக் கூலன்டைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து ஊற்றியிருக்கிறேன். சோதனைத் தாள் நைட்ரைட் சரியான வண்ணத்தில் இருப்பதாகக் காட்டுகிறது. நேற்றுக் காலை வடிகால் போல்ட்டை மறுபடி கால் சுற்றுத் தளர்த்தினேன். முதல் சொட்டே கருப்பு. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

பின் அச்சுச் சக்கரங்களைக் கழற்றியபோது இடது பக்கச் சக்கர பேரிங் ஆடுகிறது. எவ்வளவு ஆட்டம் இருக்கலாம்?

அளவுமானி

டயல் கேஜில் 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர் வரை. ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி உருளைகளை உட்காரவையுங்கள், பிறகு தளர்த்தி அந்த அளவுக்குக் கொண்டுவந்து பூட்டுங்கள். சக்கரத்தை மாட்டும் முன் இடது பக்கத்துப் போல்ட்டுகளின் மரை எந்தத் திசை என்று பாருங்கள், பழைய வண்டிகளில் அது இடமரையாக இருப்பதுண்டு. முதல் 50, 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை ஒருமுறை திரும்ப இறுக்கிவிடுங்கள்.